பத்து நிமிடம் பேசிவிட்டு ரத்தம் எடுங்கள்: உடல் பரிசோதனை நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

முழு உடல் பரிசோதனைத் திட்டங்களை நடத்தும் மருத்துவமனைகள், ரத்தப் பரிசோதனை நிலையங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் பேக்கேஜ் பட்டியலில் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, சிறுநீரகம் என்று வரிசையாக வந்து, கடைசியில் பி.எஸ்.ஏ. என்று ஒரு வரி. புராஸ்டேட் புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை. இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது. அதை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சர்க்கரையையும் கொழுப்பையும் போல அதையும் சொல்லாமல் கொள்ளாமல் சேர்த்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் அண்ணன் அப்படி ஒரு பேக்கேஜில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் இரவு கைப்பேசிக்கு ரிப்போர்ட் வந்தது. பி.எஸ்.ஏ. 6.8 என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் அளவு அதிகம் என்பதற்கு 'ஹெச்' என்று ஒரு குறி, அடுத்த கட்டத்தில் 0 முதல் 4 வரை என்று இயல்பு அளவு. பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில், 'கைண்ட்லி கோரிலேட் கிளினிக்கலி'. அவ்வளவுதான். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று அண்ணி என்னைக் கேட்டார். அண்ணன் எதுவும் கேட்கவில்லை. பீரோவிலிருந்து இன்ஷூரன்ஸ் பத்திரங்களை எடுத்து மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வரிக்கு மருத்துவரிடம் காட்டி, உடல்நிலையோடு சேர்த்துப் பாருங்கள் என்று பொருள். எந்த மருத்துவரிடம்? உங்கள் பேக்கேஜில்தான் மருத்துவரே கிடையாதே!

சரி, அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் ஒரு சுரப்பி. பி.எஸ்.ஏ. அது சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுரக்கும். வயதாகிச் சுரப்பி வீங்கினால் அளவு ஏறும். சிறுநீர்த் தொற்று வந்தால் ஏறும். சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தால் ஏறும். முந்தைய ஓரிரு நாளில் விந்து வெளியேறியிருந்தாலும், நெடுநேரம் சைக்கிள் மிதித்திருந்தாலும் கொஞ்சம் ஏறலாம். 4-க்கும் 10-க்கும் இடையில் எண் வந்தவர்களுக்கு பயாப்ஸி, அதாவது ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது, செய்து பார்த்தால் நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். சரி, 4-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா? அதுவும் முடியாது. அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அளவு 4-ஐத் தாண்டாத ஆண்களுக்கும் பயாப்ஸி செய்து பார்த்தார்கள். அவர்களில் 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. ஆக, உங்கள் ரிப்போர்ட்டில் 'ஹெச்' போடுவதற்கும் போடாமல் விடுவதற்கும் நடுவில் இருக்கும் கோடு, பார்ப்பதற்குத்தான் அவ்வளவு உறுதியாகத் தெரிகிறது.

இன்னொன்று. முடி கொட்டுவதற்கும் சிறுநீர் சரியாகப் போகாததற்கும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு என்ற மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தொடர்ந்து சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். அப்படிச் சாப்பிடுகிறவருக்கு 3 என்று வந்தால் அதை 6 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் ரிப்போர்ட் அவருக்கு 'இயல்பு' என்று சொல்லி அனுப்பிவிடும். ரத்தம் எடுக்க வருகிறவரிடம் வெறும் வயிற்றில் வந்தீர்களா என்று மட்டும் தவறாமல் கேட்கிறீர்கள். பி.எஸ்.ஏ.வுக்கு அது தேவையே இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சிறுநீர் போகும்போது எரிச்சல் இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் வந்ததா என்ற மூன்று கேள்விகள்தான் வேண்டும். அவற்றுக்குத்தான் உங்கள் படிவத்தில் இடமில்லை.

இந்தப் பரிசோதனை பிறந்ததே வேறு வேலைக்கு. ஏற்கெனவே புராஸ்டேட் புற்றுநோய் இருப்பவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று கவனிக்க 1986-இல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. நோயைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்று 1994-இல் சேர்த்தார்கள். புராஸ்டேட்டுக்கே உரிய புரதத்தை 1970-இல் கண்டறிந்த ரிச்சர்ட் ஆப்ளின், தன் கண்டுபிடிப்பை எல்லா ஆண்கள் மீதும் பிரயோகிப்பதை எதிர்த்து 2010-இல் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். அவர் அளவுக்கு நான் போகமாட்டேன். பி.எஸ்.ஏ. உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. எவ்வளவு காப்பாற்றுகிறது, பதிலுக்கு என்ன வாங்கிக்கொள்கிறது என்பதையும் ரத்தம் கொடுக்க வருகிறவருக்குச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 1,60,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் 23 ஆண்டுக் கணக்கு 2025-இல் வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ.வுக்கு அழைக்கப்பட்ட குழுவில் புராஸ்டேட் புற்றுநோய்ச் சாவு 13 சதவீதம் குறைந்தது. 456 பேரை அழைத்தால் ஒரு சாவு தவிர்க்கப்படுகிறது. அந்த ஒரு சாவைத் தவிர்க்கக் கூடுதலாக 12 பேருக்குப் புற்றுநோய் என்று கண்டறிய வேண்டியிருந்தது. ஒருவர் பிழைத்தார் என்பது சின்ன விஷயமில்லை. மீதிப் பதினோரு பேரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். புற்றுநோயாளி என்ற பெயரையும், பலர் சிகிச்சையின் பாதிப்புகளையும் சுமந்தார்கள். சாவு விஷயத்தில் அவர்களுக்கு அதனால் எதுவும் மாறவில்லை.

பிரிட்டனில் 4,00,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த வேறொரு ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அதில் ஒரே ஒரு தடவைதான் பரிசோதனைக்கு அழைத்தார்கள். 15 ஆண்டு கழித்துப் பார்த்தால், அழைக்கப்பட்டவர்களில் 0.69 சதவீதம் பேர் இந்த நோயால் இறந்திருந்தார்கள். அழைக்கப்படாதவர்களில் 0.78 சதவீதம். ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றுகூடச் சொல்ல முடியாத வித்தியாசம். தள்ளுபடி போட்ட மாதத்தில் வந்து ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு நீங்கள் கொடுப்பது ஏறக்குறைய இதைத்தான்.

இந்தப் புற்றுநோய்களில் பல மிக மெதுவாக வளர்பவை. வேறு காரணத்தால் இறந்த ஆண்களின் உடலைப் பரிசோதித்தபோது, 80-ஐ எட்டியவர்களில் பாதிப் பேருக்கும் மேல் புராஸ்டேட்டில் புற்றுநோய் இருந்தது. இருப்பது தெரியாமலேயே வாழ்ந்து முடித்தவர்கள் அவர்கள். அதே சமயம், உலகம் முழுக்க ஆண்டுக்கு 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது, கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் இதனால் இறக்கிறார்கள். மெதுவானது, வேகமானது இரண்டும் ஒரே பெயரில் நடமாடுவதுதான் சிக்கல்.

அப்படியென்றால் யார் எடுத்துக்கொள்ள வேண்டும்? அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல் சொன்னது இது: 55 முதல் 69 வயது வரை, நன்மை தீமைகளை மருத்துவரோடு பேசிவிட்டு அவரவர் முடிவெடுக்கட்டும். 70-க்கு மேல் வழக்கமான பரிசோதனையாகச் செய்ய வேண்டாம். நீங்களோ 78 வயது அப்பாவுக்குப் பிள்ளைகள் பரிசாக வாங்கிக் கொடுக்கும் பேக்கேஜிலும் பி.எஸ்.ஏ.வைச் சேர்க்கிறீர்கள். இன்னொரு பக்கம், உண்மையிலேயே முன்கூட்டிப் பேசப்பட வேண்டியவர்களை விட்டுவிடுகிறீர்கள். அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. குடும்பத்தில் பலருக்கு, அதுவும் சிறு வயதிலேயே வந்திருந்தால் இன்னும் அதிகம். ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு நோயும் அதிகம், சாவும் அதிகம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோயோ கருப்பைப் பக்கமுள்ள சினைப்பையில் புற்றுநோயோ வந்திருந்தால் அதுவும் முக்கியம். பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் பெண்களுக்கு அந்த நோய்களையும், ஆண்களுக்கு வேகமாகப் பரவும் புராஸ்டேட் புற்றுநோயையும் கொண்டுவரக்கூடும். இவர்களோடெல்லாம் 40, 45 வயதிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும். அம்மாவின் மார்பகப் புற்றுநோயைச் சொன்னால் அது பெண்கள் சமாச்சாரம் என்று நினைக்கிற ஆண்கள்தான் அதிகம். கேட்டால்தானே சொல்வார்கள்.

உங்கள் வரவேற்பறைச் சுவரொட்டிகளையும் ஒரு தரம் பாருங்கள். இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கிறீர்களா, உடனே புராஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்ற தோரணையில் எழுதி வைக்கிறார்கள். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில், சிறுநீர்க் குழாயிலிருந்து தள்ளித்தான் தொடங்குகிறது. ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. இரவில் நாலு தரம் எழுப்புவது பெரும்பாலும் சாதாரண வீக்கம்தான். அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அது வேறு. எழுந்திருப்பவர் தேவையில்லாமல் பயப்படுகிறார். நன்றாகத் தூங்குகிறவர் நமக்கென்ன என்று இருந்துவிடுகிறார். இரண்டுக்கும் அந்தச் சுவரொட்டியே காரணம்.

இப்போது எண் அதிகமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தொற்று இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சரிசெய்து, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். பலருக்கு அங்கேயே எண் இறங்கிவிடும். இறங்காவிட்டால் பயாப்ஸிக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. இது ஆடம்பரம் இல்லை. 500 ஆண்களிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், எம்.ஆர்.ஐ. முதலில் எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு பயாப்ஸியே தேவைப்படவில்லை. ஆனாலும் கவனிக்க வேண்டிய புற்றுநோய் அந்தக் குழுவில்தான் அதிகம் அகப்பட்டது: 38 சதவீதம், மற்றதில் 26. தேவையில்லாத சின்னப் புற்றுநோய்கள் 22 சதவீதத்திலிருந்து 9-ஆகக் குறைந்தன. பயாப்ஸி ஊசியை ஆசனவாய் வழியாக விடாமல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக விடும் முறையும் இருக்கிறது. அதில் ரத்தத்தில் கிருமி ஏறும் ஆபத்து குறைவு. இதையும் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

என் அண்ணனுக்கு எண் இறங்கவில்லை. எம்.ஆர்.ஐ., பயாப்ஸி இரண்டும் முடிந்து க்ளீசன் 6 என்று வந்தது. இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டொனால்ட் க்ளீசன் என்ற நோயியல் மருத்துவர் 1966-இல் கொண்டுவந்த அளவுகோல் இது. புற்றுநோய்த் திசு மைக்ரோஸ்கோப்பில் எப்படித் தெரிகிறது என்பதை வைத்து இரண்டு எண்களைக் கூட்டுவார்கள். 10 வரை போகும். ஆனால் இன்றைய நடைமுறையில் மிகக் குறைந்த மதிப்பெண்ணே 6 தான். பத்துக்கு ஆறு என்று படிக்கிற யாரும் பாதியைத் தாண்டிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். இந்தக் குழப்பத்துக்காகவே 2014-இல் 1 முதல் 5 வரை புதிய தரவரிசை கொண்டுவந்தார்கள். பழைய 6 அதில் தரம் 1. இதைப் புற்றுநோய் என்றே அழைக்க வேண்டாம் என்று வாதிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அண்ணனின் ரிப்போர்ட்டில் இரண்டு எண்களும் அச்சாகியிருந்தன. நாங்கள் எல்லோரும் பெரிய எண்ணைத்தான் பார்த்தோம்.

உங்கள் பேக்கேஜோடு தொடர்புள்ள மருத்துவர் அடுத்த வாரமே ரோபோ அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார். வேறு வழி உண்டா என்று அண்ணி கேட்டதற்கு, கேன்சரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். வேறு வழி இருந்தது. வேறொரு யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப் பாதை நிபுணர்) இரண்டாவது கருத்துக் கேட்டபோது அவர்தான் அதை எடுத்துச் சொன்னார். தொடர் கண்காணிப்பு. குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ., தேவைப்படும்போது எம்.ஆர்.ஐ., மறு பயாப்ஸி. நோய் குணம் மாறினால் உடனே சிகிச்சை. சும்மா இருப்பதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

பிரிட்டனில் பி.எஸ்.ஏ. மூலம் கண்டறியப்பட்ட 1,643 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று 15 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 2023-இல் வெளியான முடிவில், எந்தக் குழுவானாலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 3 சதவீதத்தையொட்டித்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் 9 சதவீதம் பேருக்கு நோய் பரவியது, மற்ற இரண்டு குழுக்களிலும் 5 சதவீதம். இதை மறைக்கக் கூடாது. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் 61 சதவீதம் பேர் 15 ஆண்டுக்குள் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ மாறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அவசரமில்லை, யோசிக்க மாதக்கணக்கில் நேரமிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

பக்க விளைவு விஷயத்தில் எல்லோரும் பூசி மெழுகுகிறார்கள். 'சிலருக்கு லேசான சிறுநீர்க் கசிவு இருக்கலாம்' என்கிறது உங்கள் கையேடு. மேலே சொன்ன அதே ஆய்வில், அறுவை முடிந்து ஆறு மாதத்தில் 46 சதவீதம் ஆண்கள் பேட் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு ஆண்டு கழித்தும் 17 சதவீதம். சிகிச்சைக்கு முன் உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தவர்கள் 67 சதவீதம். ஆறு மாதம் கழித்து, அறுவைக் குழுவில் 12, கதிர்வீச்சுக் குழுவில் 22, கண்காணிப்பில் 52. கதிர்வீச்சுக் குழுவில் மலத்தில் ரத்தம் போன்ற குடல் தொந்தரவுகள் சேர்ந்தன. புராஸ்டேட்டை எடுத்தபின் விந்து வெளிவராது, பிள்ளை வேண்டுமென்றால் முன்பே சேமிக்க வேண்டும் என்பதைப் பலருக்கு அறுவை மேசைக்குப் போகும்வரை யாரும் சொல்வதில்லை. இதையெல்லாம் மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசக் கூடாது. வாழ்க்கை இருவருடையது.

ரோபோ விளம்பரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரோபோ அறுவையையும் வழக்கமான திறந்த அறுவையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ரோபோவில் ரத்த இழப்பு குறைவு, மருத்துவமனையில் இருக்கும் நாளும் குறைவு. ஆனால் இரண்டு ஆண்டு கழித்துச் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்தியத்திலும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். இயந்திரத்தை இயக்கும் கை எத்தனை அறுவை செய்த கை என்று கேட்பது அதிக உபயோகம்.

தரம் 4, 5 என்று வந்தவர்களுக்கு நான் சொன்ன நிதானம் பொருந்தாது. அவர்களுக்கு அறுவை, அல்லது கதிர்வீச்சோடு ஹார்மோன் சிகிச்சை என்று தாமதிக்காமல் இறங்க வேண்டும். எலும்புக்குப் பரவிய நிலையிலும் இன்று ஆண்டுக்கணக்கில் நோயைக் கட்டுக்குள் வைக்க முடிகிறது. ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்தப் புற்றுநோய் சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார், 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். அபிராடெரோன், என்சலூட்டமைடு போன்ற மருந்துகள் அந்த வழியில் வந்தவைதான். உடம்பு திடீரென்று தகிப்பது, எலும்பு தேய்வது, தசை குறைவது, மனச்சோர்வு இவையெல்லாம் கூட வரும், அதையும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் மருந்துக் கடையில் 'புராஸ்டேட் ஆரோக்கியம்' என்று வைட்டமின் மாத்திரை விற்கிறீர்களே, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வைட்டமின் ஈ-யும் செலினியமும் இந்தப் புற்றுநோயைத் தடுக்குமா என்று 35,000 ஆண்களிடம் சோதித்தார்கள். தடுக்கவில்லை. வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்ட குழுவில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது என்று 2011-இல் தெரிந்தது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. பி.எஸ்.ஏ.வுக்குத் தனிக் கட்டம் வையுங்கள், அதை முன்கூட்டியே டிக் செய்து வைக்காதீர்கள். ரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ பத்து நிமிடம் பேசட்டும்: எண் கூடினால் அடுத்து என்னென்ன வரும், கண்காணிப்பு என்று ஒன்று உண்டு, வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. படிவத்தில் அந்த மூன்று கேள்விகளைச் சேருங்கள். எண் கூடுதலாக வந்தால் இரவு பத்து மணிக்கு ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பாமல் காலையில் ஒருவர் தொலைபேசியில் பேசட்டும். பொடி எழுத்தில் உள்ள அந்த ஆங்கில வரியை எடுத்துவிட்டு, 'இந்த எண் மட்டும் புற்றுநோய் என்று சொல்லாது, சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்' என்று படிக்கிற அளவில், படிக்கிற மொழியில் போடுங்கள்.

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. அண்ணனுக்கு நோய் என்று ஆனதும் எனக்கு வாய்ப்பு கூடிவிட்டது. அவருடைய சிகிச்சையில் இருந்த யாரும், தம்பிகள் இருக்கிறார்களா, அவர்களிடம் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. நானாகத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு 58 வயது. பி.எஸ்.ஏ. எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். மேலே கேட்டவற்றில் எதை எப்போது செய்யப் போகிறீர்கள் என்று உங்களில் யாராவது பதில் எழுதினால், அந்த நிலையத்துக்கே வந்து ரத்தம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பரிசோதனை நிலையங்களின் வாடிக்கையாளர் ஒருவர்